41-வது இடத்தில் ஒரு மாற்றம்: மண்டபம் பக்கத்து மீனவர் ஒருவரின் வெக்சாஸ் நோய்

காய்ச்சலுக்கு ஒரு சீட்டு, காதுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, கால் வீக்கத்துக்கு ஒன்று, ரத்தசோகைக்கு ஒன்று. 66 வயதான இந்த நோயாளியின் மனைவி கொண்டுவந்த மஞ்சப்பையில் ஐந்து துறைகளின் சீட்டுகள் இருந்தன. ஐந்துக்கும் காரணம் ஒன்றுதான். அவருடைய எலும்பு மஜ்ஜையில் உள்ள செல்களில், யூபிஏ1 என்ற நொதிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. 2020-ல்தான் இந்த நோய்க்கு வெக்சாஸ் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பும் இது இருந்திருக்கிறது, வேறு வேறு பெயர்களில்.

இதை விரிவாக எழுத இரண்டு காரணங்கள். இதே நோயோடு இன்னும் சிலர் தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள கடலோர ஊர்களில் காது டாக்டரிடமும் தோல் டாக்டரிடமும் காசநோய்ப் பிரிவிலும் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்னொன்று, இந்த நோயைப் புரிந்துகொள்ள அந்த நொதியின் உருவத்தைப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. மருத்துவக் கல்லூரியில் ஒரு பக்கத்தில் படித்துவிட்டுக் கடந்துபோன விஷயம் அது. நோயாளி, குடும்பத்தார் இருவரின் சம்மதத்தோடும் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நோயாளி

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குடியிருப்பு. நீண்ட காலம் விசைப்படகு ஓட்டியவர், இப்போது கரையில் மகனுக்கு உதவியாக இருப்பவர். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. குடியை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஏப்ரல் 15-ல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில், படகு கரையேறியிருந்த சமயத்தில், கையிலும் நெஞ்சிலும் சிவந்த தடிப்புகள் வந்தன. தொட்டால் வலி. கடலில் இறங்கி வலையை இழுத்தபோது சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டிருக்கும் என்று வீட்டில் நினைத்தார்கள். நியாயமான நினைப்புதான். ஆனால் சொறி பட்ட தடிப்பு பட்ட இடத்தில் வரும், சில நாளில் ஆறும். இவருக்கோ துணி மூடிய இடத்திலும் வந்தது, ஆறியபின் வேறு இடத்தில் மறுபடி வந்தது.

அப்புறம் சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, வறட்டு இருமல். நெஞ்சு சிடி ஸ்கேனில் இரண்டு பக்கமும் மங்கலான திட்டுகள். சளியில் காசநோய்க் கிருமி இல்லை, மரபணு முறைச் சோதனையிலும் இல்லை. இருந்தும் ஒரு தனியார் இடத்தில் காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. இடையிடையே போட்ட ஊசிகளுக்கு மட்டும் இறங்கியது. ஒரு சீட்டில் அந்த ஊசியின் பெயர் தெளிவாக இருந்தது: டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ஆதாரமில்லாமல் காசநோய் சிகிச்சை தருவதும், காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஸ்டீராய்டு போடுவதும் நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டன. இந்த நோயில் அவை இரண்டும் சேர்ந்து ஒரு வருடத்தைத் தின்றுவிடும். கிருமிக்கு மருந்து கேட்காத காய்ச்சல் ஸ்டீராய்டுக்குக் கேட்டது என்ற தகவலே ஒரு துப்பு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. மனைவிதான் நினைவில் வைத்திருந்தார்.

பிறகு வலது காது சிவந்து வீங்கியது. சீழ் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். பத்து நாளில் அடங்கி, இடது காதில் வந்தது. கடைசியாக இடது கால் வீங்கியபோது யானைக்கால் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்த உறைவு தெரிந்தது. எங்களிடம் வந்தது அந்த நிலையில்.

காய்ச்சல் 101.4 டிகிரி. முகம் வெளுத்திருந்தது. இரண்டு காதுமடல்களின் மேல்பகுதியும் சிவந்து, தடித்து, விரல் பட்டாலே முகத்தைச் சுளிக்கும் அளவுக்கு வலி. ஆனால் காதின் அடிச்சோணை இரண்டு பக்கமும் இயல்பாக இருந்தது. இந்த ஒரு கவனிப்பு மிக முக்கியம். அடிச்சோணையில் குருத்தெலும்பு கிடையாது. மேல்மடல் வீங்கிச் சோணை தப்பியிருந்தால் அழற்சி குருத்தெலும்பில் இருக்கிறது என்று பொருள். தொழுநோயில் காது தடிக்கும்போது சோணைதான் பெரும்பாலும் முதலில் தடிக்கும். நம் மாவட்டத்தில் காதும் தோலும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் தொழுநோய் எதிர்வினையை நினைத்தே ஆகவேண்டும், அதுவும் ஸ்டீராய்டுக்குக் கேட்கும் நோய். தோல் கீறல் சோதனையில் கிருமி இல்லை, நரம்புகள் தடிக்கவில்லை, உணர்ச்சி குறையவில்லை. மூக்குத் தண்டிலும் அழுத்தினால் வலி இருந்தது. ஒரு கண் சிவந்திருந்தது.

சோதனைகள்

ஹீமோகுளோபின் 7.9 கிராம், வெள்ளணுக்கள் 3,100, தட்டணுக்கள் 1.05 லட்சம். அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி லிட்டருக்கு 136 மில்லிகிராம். ரத்தக் கிருமி வளர்ப்பு, எச்ஐவி, தன்னெதிர்ப்பு நோய்களுக்கான ஏஎன்ஏ, ஆன்கா எல்லாம் எதிர்மறை. ஸ்க்ரப் டைபஸ், லெப்டோஸ்பைரா, புரூசெல்லா மூன்றும் இல்லை. தோல் திசுவில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் நிறைந்திருந்தன, ரத்தக்குழாய்ச் சுவர் கெடவில்லை. ஸ்வீட் நோய்க்குறி என்ற தோல் அழற்சியில் காணும் படம் அது.

இதற்குமேல் ஒரு எண்ணில் நாங்கள் நின்றோம். எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 109. நாள்பட்ட அழற்சியால் வரும் ரத்தசோகையில் சிவப்பணு இயல்பான அளவிலோ சிறியதாகவோ இருக்கும். இவருக்குப் பெரிதாக இருந்தது. பி12, ஃபோலேட், தைராய்டு எல்லாம் சரி. மதுவும் இல்லை, சிவப்பணுவைப் பெரிதாக்கும் மருந்தும் இல்லை. பழைய சீட்டுகளைப் புரட்டினால் காது வீங்குவதற்கு முன்பே எம்சிவி 104 என்று அச்சாகியிருந்தது. தானியங்கிக் கருவி தரும் அந்த எண்ணை ஹீமோகுளோபினைத் தாண்டிப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. வயதான ஆண், ஆறாத அழற்சி, பெருத்த சிவப்பணு. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அடுத்த படி மஜ்ஜைதான்.

மஜ்ஜை மதுரையில் எடுக்கப்பட்டது. அறிக்கையின் முடிவு வரி, செல் மிகுந்த மஜ்ஜை, லேசான வளர்ச்சிக் கோளாறு என்றது. விவரிப்புப் பகுதியில் இன்னொரு வாக்கியம் இருந்தது: வெள்ளணு, சிவப்பணு இரண்டின் முன்னோடிச் செல்களிலும் வாக்குவோல் எனப்படும் குமிழிகள். குமிழிகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. மது, தாமிரக் குறைபாடு, துத்தநாக மிகுதி, குளோராம்ஃபெனிகால். தாமிர அளவு இயல்பாக இருந்தது, மற்ற மூன்றும் இல்லை. சாதாரண ஈடிடிஏ குழாயில் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கேட்டது ஒன்றே ஒன்று: யூபிஏ1 மரபணுவின் 3-வது எக்சான் (புரதக் குறிப்பைத் தாங்கிய துண்டு).

முடிவு: 122-வது இடத்தில் டி எழுத்துக்குப் பதிலாக சி. படித்த பிரதிகளில் 64 சதவீதத்தில் இந்த மாற்றம். புரதத்தில் 41-வது அமினோ அமிலமான மெத்தியோனின் திரியோனினாக மாறியிருக்கிறது. யூபிஏ1 எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். எனவே 64 சதவீதம் என்றால், அந்த மாதிரியில் டிஎன்ஏ தந்த செல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாறிய செல்கள்.

நொதியின் உருவம்

யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். செல் எந்தப் புரதத்தை அழிக்க வேண்டும், எதை இடம் மாற்ற வேண்டும், எந்தச் சமிக்ஞையை நிறுத்த வேண்டும் என்பதற்கெல்லாம் இதை அடையாளமாக ஒட்டுகிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஆரன் சியக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டும் வேலை மூன்று கை மாறி நடக்கிறது. ஈ1 யுபிக்விட்டினுக்கு ஆற்றலேற்றுகிறது, ஈ2 அதை வாங்கிச் சுமக்கிறது, ஈ3 இலக்குப் புரதத்தோடு சேர்க்கிறது. மனித உடலில் ஈ3 அறுநூறுக்கும் மேல், ஈ2 நாற்பதுக்குள். யுபிக்விட்டினுக்கான ஈ1 இரண்டே இரண்டு: யூபிஏ1, யூபிஏ6. பெரும்பகுதி வேலை யூபிஏ1 தலையில். ஒரு மீன்பிடித் துறையில் நூற்றுக்கணக்கான படகுகள் இருந்தாலும் ஐஸ் கம்பெனி ஒன்றுதான் என்றால், அங்கே உற்பத்தி குறைந்த நாளில் எந்தப் படகுக்கும் ஐஸ் போதாது. யூபிஏ1 குறைந்தால் எந்த ஒரு ஈ3-யும் தனியாகக் கெடுவதில்லை, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பட்டினி கிடக்கின்றன. நோயாளியின் காதும் தோலும் நுரையீரலும் சிரையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கெட்டதுபோலத் தோன்றியது இதனால்தான்.

இந்த நொதியின் உருவம் ஒரே நாளில் தெரியவந்ததல்ல. முதல் வெளிச்சம் பாக்டீரியாவிலிருந்து வந்தது. சில நொதிகளுக்குத் துணையாகும் மாலிப்டினம் துணைக்காரணியை உருவாக்க பாக்டீரியாவிடம் மோஏடி, மோஈபி என்ற இரு புரதங்கள் உண்டு. இவற்றின் கூட்டுப் படிகத்தை 2001-ல் ஹெர்மன் ஷிண்டலின், கே. வி. ராஜகோபாலன் ஆகியோர் இருந்த குழு எக்ஸ் கதிரில் படித்து உருவத்தைக் கண்டது. சிறிய புரதமான அந்த முதலாவது யுபிக்விட்டினைப் போலவே மடிந்திருந்தது. அதன் வால், மற்றது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைப் பிடிக்கும் குழிக்குள் நுழைந்திருந்தது. யுபிக்விட்டினே இல்லாத பாக்டீரியாவில் அதன் வேதியியல் அப்படியே இருந்தது. நம் செல்களின் ஈ1 இந்தப் பழைய நொதியின் வழித்தோன்றல். பிரதி ஒன்று இரண்டாகி, ஒரு பாதி வேலையைத் தொடர்ந்தது, மறுபாதி ஏடிபியை மாற்றும் திறனை இழந்து தாங்கும் அமைப்பாக ஒட்டிக்கொண்டது. அதனால்தான் யூபிஏ1-இல், ஏடிபியைக் கொண்டு ஆற்றலேற்றும் அடினைலேஷன் வேலைக்கென, செயலுள்ள அடினைலேஷன் பகுதி, செயலற்ற அடினைலேஷன் பகுதி என இரண்டு உண்டு. 2008-ல் ஈஸ்ட்டின் ஈ1 யுபிக்விட்டினோடு சேர்ந்த படிகமும், 2018-ல் மனித யூபிஏ1-இன் படிகமும் வந்தன.

இந்த இரண்டு பகுதிகளுக்கு மேலே, வினைபுரியும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைத் தாங்கிய இன்னொரு பகுதி இருக்கிறது. மனித நொதியில் அது 632-வது சிஸ்டீன். ஓரத்தில், ஈ2-வைப் பிடிப்பதற்கென்று, யுபிக்விட்டினைப் போலவே மடிந்த ஒரு பகுதி. நடப்பது இதுதான். யுபிக்விட்டினின் கடைசி கிளைசின் ஏடிபியோடு வினைபுரிந்து அடினைலேட்டாகிறது. அடுத்து சிஸ்டீன் அந்தக் கிளைசினைத் தன்மேல் வாங்கி, தன் கந்தக அணு வழியாகத் தயோஎஸ்டர் என்ற பிணைப்பு உண்டாக்குகிறது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. முதலில் வந்த படிகங்களில் சிஸ்டீன் அடினைலேட்டிலிருந்து 30 ஆங்ஸ்ட்ராமுக்கும் (மூன்று நானோமீட்டருக்கும்) அதிகமான தூரத்தில் இருந்தது. ஒரு வேதிவினைக்கு அது எட்டாத தூரம். 2010-ல் கிறிஸ்டோபர் லீமாவின் குழு சூமோ என்ற யுபிக்விட்டின் போன்ற புரதத்தின் ஈ1-ஐ வினையின் நடுவே நிறுத்திப் படிகமாக்கியது. சிஸ்டீன் இருக்கும் பகுதி ஏறக்குறைய 130 டிகிரி திரும்பி, சிஸ்டீனைக் கொண்டுபோய் வினை நடக்கும் இடத்திலேயே வைத்திருந்தது. அதற்கு இடம் விட, ஏடிபியைப் பிடித்திருந்த புரதச் சுருள்கள் குலைந்து விலகியிருந்தன. ஒரே குழியை நொதி முதலில் அடினைலேஷனுக்கும், பிறகு உருமாறி தயோஎஸ்டருக்கும் பயன்படுத்துகிறது. படிக அமைப்பியலில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் ஒன்று இது.

நம் நோயாளிக்கு முக்கியம் அந்தச் சுருள்கள்தான். அவற்றில் ஒரு ஜோடி செயலற்ற பகுதியின் தொடக்கத்தில், புரதம் ஆரம்பிக்கும் முனையிலிருந்து வருகிறது. பக்கத்திலுள்ள செயலுள்ள பகுதியின் குழிக்குள் நீண்டு, தன் ஆர்ஜினினால் ஏடிபியைத் தொடுகிறது. செயலற்றது என்று பெயர் பெற்ற பகுதி உண்மையில் சும்மா இருப்பதில்லை.

இனி 41-வது இடம். யூபிஏ1 மரபணுச் செய்தியை, செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம், இரண்டு இடங்களில் படிக்கத் தொடங்கலாம். முதல் மெத்தியோனினில் தொடங்கினால் நீளமான யூபிஏ1ஏ, அது செல்லின் உட்கருவுக்குள் போகும். 41-வது மெத்தியோனினில் தொடங்கினால் யூபிஏ1பி, அது உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் வேலை செய்யும். 41-வது எழுத்துக் குறி மாறிவிட்டால் யூபிஏ1ஏ-வில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறும், நொதி இயங்கும். ஆனால் யூபிஏ1பி-க்கோ தொடங்கும் இடமே போய்விட்டது. ரைபோசோம் மேலே நகர்ந்து 67-வது மெத்தியோனினில் தொடங்குகிறது. அங்கே பிறக்கும் யூபிஏ1சி மிகப் பலவீனமான நொதி. அதில் விட்டுப்போவது இந்தத் தொடக்க முனைதான். சூமோ நொதியின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பலவீனத்தில் எனக்கு வியப்பில்லை.

யூபிஏ1பி முழுவதும் இல்லாமல் போனால் செல் செத்துவிடும். மாறிய குறியிலும் ரைபோசோம் கொஞ்சம் தொடங்கத்தான் செய்கிறது, அந்தக் கொஞ்சம்தான் செல்லை உயிரோடு வைத்து நோயையும் வளர்க்கிறது. 41-வது இடத்தில் வழக்கமாகக் காணும் மாற்றங்கள் மூன்று: திரியோனின், வாலின், லியூசின். வாலின் மாற்றத்தில் யூபிஏ1பி மிகக் குறைவாகவே உருவாகிறது. 2022-ல் வெளியான, 83 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் வாலின் மாற்றம் உள்ளவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். ஓர் எழுத்தின் வேதியியல் நோயாளியின் ஆயுளில் தெரிகிறது. அதனால் ஆய்வக அறிக்கையில் மாற்றம் உண்டு, இல்லை என்பதோடு நிற்காமல், எந்த அமினோ அமிலம் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

இதே குடும்பத்தின் மற்ற நொதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யுபிக்விட்டின் போன்ற புரதங்கள் பல உண்டு: நெட்8, சூமோ, ஐஎஸ்ஜி15, யுஎஃப்எம்1 என்று. யுபிக்விட்டினையும் சேர்த்து இவற்றுக்கென மனிதனில் எட்டு ஈ1 நொதிகள். ஆள் மாறிப் போகாமல் இருப்பது எப்படி? யுபிக்விட்டினின் வாலில் 72-வது இடத்தில் ஆர்ஜினின், நெட்8-இல் அதே இடத்தில் அலனின். நெட்8-இன் ஈ1-இல் அதற்கு எதிரே இன்னோர் ஆர்ஜினின் உட்கார்ந்திருக்கிறது. நேர்மின்னும் நேர்மின்னும் தள்ளும், யுபிக்விட்டின் உள்ளே வராது. பிரெண்டா ஷுல்மனின் குழு 2003-ல் படிகத்தில் காட்டியது இது.

யுஎஃப்எம்1-இன் ஈ1 ஆன யூபிஏ5 இன்னும் வித்தியாசமானது. சிறிய நொதி, சிஸ்டீனுக்குத் தனிப்பகுதி இல்லை. இரண்டு பிரதிகள் ஜோடி சேர்ந்து, ஒன்று பிடிக்கும் யுஎஃப்எம்1-ஐ மற்றதன் குழியில் வைத்து வேலை செய்கின்றன. இதன் மரபணு தாய், தந்தை இருவழியிலும் கெட்டு வந்தால் பச்சிளம் பருவத்திலேயே வலிப்பும் மூளை வளர்ச்சிக் குறைவும் வரும் என்று 2016-ல் தெரிந்தது. அதே வரிசையின் ஈ2 ஆன யுஎஃப்சி1-க்கும், யுஎஃப்எம்1-க்கும் 2018-ல் உறவுமுறைத் திருமணக் குடும்பங்களில் இதுபோலவே கண்டார்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் இன்னும் நடக்கிற நம் ஊர்களில், காரணம் தெரியாத வலிப்போடு வரும் குழந்தைக்கு மரபணுச் சோதனை எழுதும்போது இந்தப் பெயர்களும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வெக்சாஸ் அப்படிப் பிறப்பில் வருவதல்ல. வாழ்நாளில் மஜ்ஜையின் ஒரு மூலச்செல்லில் தொடங்கி, அதன் வாரிசுகள் பெருகி வரும் நோய்.

அந்த வாரிசுகளிலும் எல்லாச் செல்லும் தப்புவதில்லை. மாறிய மூலச்செல்லில் இருந்து லிம்போசைட்டுகள் முதிர முடிவதில்லை, நியூட்ரோஃபில்களும் மோனோசைட்டுகளும் முதிர்கின்றன. அவற்றில் யுபிக்விட்டின் ஒட்டுவது குறைந்து, மடிப்புத் தவறிய புரதங்கள் தேங்கி, அழற்சிச் சமிக்ஞைகள் தாமாகவே எரியத் தொடங்குகின்றன. 2020-ல் டேவிட் பெக், டேனியல் காஸ்ட்னர் முதலியோர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இதைக் கண்ட விதமும் குறிப்பிடத்தக்கது. அவர்கள் நோய்க்குறியிலிருந்து தொடங்கவில்லை. காரணம் தெரியாத அழற்சி நோயாளிகள் 2,560 பேரின் மரபணுத் தரவில், யுபிக்விட்டின் தொடர்பான 800-க்கும் மேற்பட்ட மரபணுக்களைத் தேடினார்கள். முதலில் மூன்று ஆண்கள் ஒரே இடத்தில் மாற்றத்தோடு கிடைத்தார்கள், கடைசியில் 25 பேர். அவர்களிடமும் அதே காது, அதே தோல், அதே குமிழிகள். 2023-ல் அமெரிக்காவின் ஒரு பெரிய மருத்துவமனைத் தொகுப்பில் பார்த்தபோது, 50 வயதைத் தாண்டிய ஆண்களில் 4,269 பேருக்கு ஒருவரிடம் நோய் தரும் மாற்றம் இருந்தது. அபூர்வம் என்று தள்ளிவைக்கக்கூடிய எண் அல்ல அது.

சிகிச்சையும் இதுவரை நடந்ததும்

ஸ்டீராய்டு தொடங்குமுன் காசநோயை மறுபடி முறையாக விலக்கினோம். மணலில் வெறுங்காலோடு நடந்தே வாழ்ந்தவர் என்பதால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவுக்கு ஐவர்மெக்டின் கொடுத்தோம். இந்தப் படியை விட்டுவிட்டு அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தப் புழு உடல் முழுக்கப் பரவி உயிரை எடுக்கலாம். நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்று வராமலிருக்க கோட்ரைமாக்சசோல். ரத்த உறைவுக்கு உறைவு தடுப்பு மருந்து, தட்டணுக்களைக் கண்காணித்தபடி.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் நின்றது. வாரத்துக்குள் காது வற்றியது. ஆனால் 20-க்குக் கீழே இறக்கியபோதெல்லாம் திரும்ப வந்தது. மனைவி இதை எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்: “மாத்திரையக் கொறச்சா அவுகளுக்குக் காது செவந்துருது டாக்டரய்யா, நான் காதப் பாத்துத்தான் நாளு எண்ணுறேன்.” நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் அசாதயோபிரினும் இந்த நோயில் பெரும்பாலும் பயன்தருவதில்லை, ஏற்கெனவே குறைந்த அணுக்களை இன்னும் குறைக்கும். அவற்றைத் தொடவில்லை.

மீதியிருந்த வழிகள் மூன்று. அழற்சிச் சமிக்ஞையை அடக்கும் ருக்சோலிடினிப் அல்லது டோசிலிசுமாப். மாறிய செல்களையே குறைக்கும் அசாசிடிடின். அடியோடு மாற்றும் மூலச்செல் மாற்று சிகிச்சை. இவருக்கு மூன்று வகை அணுக்களும் குறைந்து, மஜ்ஜையில் வளர்ச்சிக் கோளாறும் இருந்ததால், ரத்தநோய் மருத்துவரோடு பேசி அசாசிடிடினைத் தேர்ந்தோம். ஒவ்வொரு 28 நாளிலும் ஏழு ஊசிகள். மண்டபத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தினம் போய் வர உடம்பு தாங்காது. மதுரையில் இருக்கும் மகள் வீட்டில் அந்த வாரம் தங்கினார்கள். மகள் வீடு அங்கே இல்லையென்றால் இந்தச் சிகிச்சையைத் தொடர்ந்திருக்க முடியுமா என்பது சந்தேகம். நோயைக் கண்டுபிடித்துவிட்டு, மருந்து கிடைக்கும் ஊரில் தங்க வழியில்லாமல் கைவிடுவது பெரிய கொடுமை. ரத்தப் புற்றுநோய், தலசீமியா நோயாளிகளுக்கும் இதே நிலைதான்.

மூன்றாவது சுற்றுவரை பெரிய மாற்றமில்லை, ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. குடும்பம் சோர்ந்துபோனது. அசாசிடிடின் பலன் காட்ட நாலைந்து சுற்று ஆகும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்ததால் விட்டுப் போகவில்லை. ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு ரத்தம் ஏற்றும் தேவை நின்றது. ஆறாவது முடிந்து மறுபடி அனுப்பிய ரத்தத்தில் மாறிய எழுத்தின் பங்கு 64-லிருந்து 29 சதவீதமாக இறங்கியிருந்தது. எம்சிவி 101.

நொதியின் உருவத்திலிருந்து நேரடியாகப் பிறந்த மருந்துகளும் இருக்கின்றன, ஆனால் இந்த நோயில் வழக்கமான சிகிச்சையாக அவை வரவில்லை. நெட்8-இன் ஈ1-ஐத் தடுக்கும் பெவோனெடிஸ்டாட் அந்தக் குழியிலேயே நெட்8-இன் வாலோடு பிணைந்து, அடினைலேட்டைப் போன்ற ஒரு பொருளாகி நொதியை அடைத்துவிடும். யூபிஏ1-க்கு இதே வழியில் செய்யப்பட்டது டாக்-243. ஆய்வகத்தில் 41-வது இடம் மாறிய செல்கள் இந்த மருந்துக்கு இயல்பான செல்களைவிட எளிதில் சாகின்றன. ஏற்கெனவே குறைவாக உள்ள நொதியை இன்னும் குறைத்து மாறிய செல்லை மட்டும் கொல்வது என்ற எண்ணம் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. நோயாளிக்குக் கொடுக்கும் அளவுக்கு அதன் பாதுகாப்பு நிறுவப்பட வேண்டும்.

மகன்கள் கேட்ட முதல் கேள்வி தங்களுக்கு வருமா என்பது. வராது. மாற்றம் அவருடைய மஜ்ஜையில் வாழ்நாளின் பிற்பகுதியில் உண்டானது, வித்தணு வழியாகப் பிள்ளைகளுக்குப் போனதல்ல. தொற்றவும் தொற்றாது. இதைச் சொன்ன பிறகுதான் பேரக்குழந்தைகளை அவர் பக்கத்தில் விட்டார்களாம். கருவாடு சாப்பிடலாமா என்றும் கேட்டார்கள். நோயால் தடையில்லை, ஸ்டீராய்டால் வீக்கமும் ரத்த அழுத்தமும் ஏறும் என்பதால் உப்பைக் குறைக்கச் சொன்னோம்.

மூலச்செல் மாற்றுக்காக அவருடைய தம்பியின் எச்எல்ஏ, அதாவது திசுப் பொருத்தம், பார்க்கப்பட்டது. பாதிதான் பொருந்துகிறது. 66 வயதில் பாதிப் பொருத்தத்தோடு மாற்றுக்குப் போவதில் உள்ள ஆபத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். அவரே வேண்டாம் என்று முடிவு செய்தார், அந்த முடிவை நாங்களும் சரியென்றே கருதுகிறோம். இப்போது அசாசிடிடின் தொடர்கிறது, பிரெட்னிசோலோன் 7.5 மில்லிகிராம். உறைவு தடுப்பு மருந்தை நிறுத்தவில்லை. அடுத்த மரபணு அளவீடு ஒன்பதாவது சுற்றுக்குப் பிறகு. அதில் பங்கு மறுபடி ஏறியிருந்தால் ருக்சோலிடினிப் சேர்ப்பதாகத் திட்டம்.